ஏ, பி, சி, எஃப், என்: சுவிசில் விசா எழுத்துக்கள் வந்த வரலாறு

சுவிசில் வாழும் எங்கட ஆக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கலியாணம் பேசினால் என்ன, புதிதாக வந்த ஒருவரைப் பற்றி விசாரித்தால் என்ன, பெயரும் ஊரும் கேட்ட கையோடு அடுத்த கேள்வி, "என்ன விசா வைச்சிருக்கிறார்?" என்பதுதான். சி என்றால் கதிரையை இழுத்துப் போடுவார்கள். பி என்றால் முகம் மலரும். எஃப் என்றால் "ம்ம்..." என்று ஓர் இழுவை. என் என்றால் கதை அதோடு சரி!

இந்த எழுத்துக்கள் எங்கேயிருந்து வந்தன? யாருக்காக முதலில் உண்டாக்கப்பட்டன? எங்களில் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், பல்கலைக்கழகம் போனவர்கள் என்று படித்தவர்கள் இருந்தும், 'தொழில் திறமையாளர்' என்ற வாசலால் வராமல் 'அகதி' என்ற வாசலாலேயே ஏன் வந்து சேர்ந்தோம்? இந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த மட்டில் பதில் எழுத முயல்கிறேன். நான் சரித்திரம் படித்த ஆளில்லை. ஏ.எல். சோதினையோடு படிப்பு நின்றது. இரும்புப் பாகங்கள் செய்யும் ஒரு பக்ரறியில் ஷிப்ட் வேலை செய்கிறவன். ஆனால் இந்தச் சரித்திரம் எங்கள் பக்ரறியிலேயே நடமாடுகிறது. எனக்குப் பக்கத்து மெசினில் நிற்பவர் பென்சனுக்குக் கிட்ட வந்துவிட்ட ஓர் இத்தாலிக்காரர். மேல்மாடிக் கந்தோரில் இருப்பவர் சென்னையிலிருந்து கொம்பனியே கூப்பிட்டு எடுத்த ஓர் எஞ்சினியர். நடுவில் நான். மூன்று பேரும் மூன்று வாசலால் உள்ளே வந்தவர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்த நாட்டில் இப்படியான எழுத்துக்கள் எதுவுமே இருக்கவில்லை. 1872 தொடக்கம் 1882 வரை கொத்தார்ட் மலையைக் குடைந்து 15 கிலோமீற்றர் நீளமான ரெயில் சுரங்கம் வெட்டினார்கள். வெட்டியவர்களில் பெரும்பாலானோர் இத்தாலியர். வேலைக்கு அனுமதி கேட்டு ஒருவரும் வரிசையில் நிற்கவில்லை. அயல் நாடுகளோடு செய்திருந்த குடியமர்வு ஒப்பந்தங்கள் இருந்தபடியால் வந்தார்கள், வேலை செய்தார்கள். அதற்காக அது பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். சுரங்கத்துக்குள் ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். 1875இல் கோஷெனன் என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது நான்கு தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். விசா இல்லாத காலத்திலும் வேலையாளின் உயிர் மலிவாகத்தான் இருந்தது.

1910 அளவில் இந்நாட்டில் நூற்றுக்கு 15 பேரளவில் வெளிநாட்டவர். முதலாம் உலக யுத்தம் எல்லாவற்றையும் மாற்றியது. 1917இல் மத்திய அரசு 'பிரெம்டன்பொலிட்சை' எனப்படும் வெளிநாட்டவர் பொலிஸ் பிரிவை உண்டாக்கியது. 'ஊபர்பிரெம்டுங்', அதாவது அந்நியர் பெருகி நாடு தன்னிலை இழந்துவிடும் என்ற பயத்தைக் குறிக்கும் சொல், அந்தக் காலத்திலேயே அரச காகிதங்களுக்குள் நுழைந்துவிட்டது. 1931இல் வெளிநாட்டவர் வதிவிடச் சட்டம் நிறைவேறி 1934 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அனுமதி கொடுக்கும்போது நாட்டின் பொருளாதார நலனையும் அந்நியர் பெருக்கத்தின் அளவையும் கவனிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் சாரம். அது 2007 முடியும் வரை உயிரோடு இருந்தது! எங்கட அண்ணைமார், அக்காமார் எல்லாரும் அந்தச் சட்டத்தின் காலத்தில்தான் இங்கு காலடி வைத்தார்கள்.

இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு சுவிஸ் பக்ரறிகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் ஆள் போதவில்லை. 1948இல் இத்தாலியோடும் 1961இல் ஸ்பெயினோடும் ஆள் எடுக்கும் ஒப்பந்தங்கள் செய்தார்கள். கியாசோ, பிரிக் எல்லைகளில் வரிசையாக நிறுத்தி வைத்திய பரிசோதனை. நெஞ்சுப் படம் எடுத்துச் சரியென்றால்தான் உள்ளே விட்டார்கள். அவர்களில் பலருக்குக் கொடுத்ததுதான் 'ஏ' விசா, அதாவது பருவகாலத் தொழிலாளர் அனுமதி. வருஷத்தில் ஒன்பது மாதம் வேலை. மிச்ச மூன்று மாதமும் ஊருக்குப் போய்விட வேண்டும். முதலாளியை மாற்றக்கூடாது, மாநிலம் மாறக்கூடாது. பெரும்பாலும் பலகைக் கொட்டில்களில் படுக்கை. எல்லாவற்றிலும் பெரிய கொடுமை, மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர அனுமதி இல்லை. வருஷ அனுமதியான 'பி'யை எட்டுவதற்கு 1964இல் செய்த இத்தாலி ஒப்பந்தப்படி ஐந்து வருஷத்துக்குள் 45 மாதம் வேலை செய்து காட்ட வேண்டும். அதாவது ஒன்பது மாதமாக ஐந்து முறை, ஒரு மாதமும் குறையாமல். அதன் பிறகும் குடும்பத்தைக் கூப்பிடக் காத்திருக்க வேண்டும்.

பக்கத்து மெசின் இத்தாலிக்காரரைச் சொன்னேன் அல்லவா? ஒரு நாள் தேநீர் இடைவேளையில், எங்களுக்கும் விசா கரைச்சல் இருந்ததோ என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். 1968இல் அவருக்கு ஆறு வயது. தகப்பன் கட்டட வேலை, தாய் ரெஸ்ரோறன்ட் வேலை. பிள்ளையை ஊரில் விட மனமில்லாமல் ஒளித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். பகல் முழுக்க அறைக்குள் தனியே. யன்னல் சீலை திறக்கக்கூடாது. சப்பாத்துப் போட்டு நடக்கக்கூடாது. ஆரும் கதவு தட்டினால் அலுமாரிக்குள் போய்விட வேண்டும். ஒரு மாரிகாலம் முழுக்கப் பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டு இல்லை. "இப்பவும் கதவு மணி அடிச்சால் நெஞ்சு இடிக்கும்" என்றார். அறுபது வயது கடந்த மனுஷன்!

இவரைப் போல் ஆயிரக்கணக்கானோர் இருந்திருக்கிறார்கள். 'அலுமாரிப் பிள்ளைகள்' என்று இன்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அவர்களில் சிலர் சேர்ந்து 2021இல் 'தெசோரோ' என்ற பெயரில் ஒரு சங்கம் அமைத்து, அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும், வரலாற்றை முறைப்படி ஆராய வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள்.

அந்தக் காலத்து இன்னொரு சம்பவத்தையும் எங்கட பிள்ளைகள் அறிய வேண்டும். வாலிஸ் மாநிலத்தில் மாட்மார்க் என்ற இடத்தில் மின்சாரத்துக்கு அணை கட்டினார்கள். தொழிலாளர்களின் கொட்டில்களை அலலின் பனிமலையின் நாக்குக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள். 1965 ஓகஸ்ட் 30ஆம் திகதி பனிமலை உடைந்து விழுந்தது. 88 பேர் புதையுண்டனர். அவர்களில் 56 பேர் இத்தாலியர். 1972இல் நடந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 17 பேரும் விடுதலை. மேன்முறையீடு செய்த குடும்பங்கள் வழக்குச் செலவில் பாதியைக் கட்ட வேண்டி வந்தது. செத்தவனின் வீட்டுக்குச் செலவுக் கணக்கு!

இதற்கிடையில் 1970 யூன் 7ஆம் திகதி ஒரு வாக்கெடுப்பு. சூரிச்சைச் சேர்ந்த ஜேம்ஸ் ஷ்வார்சன்பாக் என்ற பாராளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் வெளிநாட்டவர் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருக்கக்கூடாது, ஜெனீவாவுக்கு மட்டும் 25 என்பது அவர் கோரிக்கை. வென்றிருந்தால் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பெட்டி கட்டியிருக்க வேண்டும். 54 வீதத்தினர் வேண்டாம் என்றபடியால் தப்பினார்கள். வாக்களித்தது ஆண்கள் மட்டும். சுவிஸ் பெண்களுக்குக் கூட்டாட்சி வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான். வாக்கெடுப்பில் தோற்றாலும் ஷ்வார்சன்பாக் பாதி வென்றுவிட்டார் என்றுதான் நான் சொல்லுவேன். ஏனென்றால் அந்த வாக்கெடுப்புக்கு முன்னமே, 1970 மார்ச்சில், வருஷம் எத்தனை புதிய வேலை அனுமதி கொடுக்கலாம் என்று மத்திய அரசு ஓர் உச்ச எண்ணிக்கை வைத்துவிட்டது. இன்று எஞ்சினியர்மாரைக் கூப்பிடுவதற்கும் இருக்கிற 'கொன்டிங்கென்ட்' என்ற பங்கீட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1981இல் பருவகால முறையையே ஒழிக்கக் கேட்ட 'மிட்டனாண்ட்' கோரிக்கையை 84 வீதத்தினர் நிராகரித்தார்கள்.

வேலைக்காரர் ஒரு பக்கம். அகதிகள் மறுபக்கம். 1956இல் ஹங்கேரியிலிருந்தும் 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் வந்தவர்களை, அவர்களில் பலர் படித்தவர்கள், தொழில் தெரிந்தவர்கள், இந்த நாடு கைகொடுத்து வரவேற்றது. திபெத்தியர்களையும் 1960களில் ஏற்றார்கள். சூரிச் மாநிலத்தில் ரிகோன் என்ற கிராமத்தில் சமையல் பாத்திரம் செய்யும் கூன் பக்ரறி திபெத்தியர்களுக்கு வேலையும் வீடும் கொடுத்தது. அங்கே ஒரு திபெத்திய மடமும் எழுந்தது. எங்கட சமையலறைகளில் இருக்கிற சுவிஸ் பிறஷர் குக்கரைச் செய்த கைகளில் திபெத்தியக் கைகளும் உண்டு.

நாங்கள் வந்த நேரம் வேறு. முதலாவது அகதிச் சட்டம் 1981 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 1983 யூலைக்குப் பிறகு எங்கட இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். எண்ணெய் நெருக்கடியில் ஆயிரக்கணக்கான இத்தாலியர், ஸ்பானியரை வீட்டுக்கு அனுப்பிப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. எங்கட ஆக்கள் கம்யூனிச நாட்டிலிருந்து ஓடி வந்தவர்களும் இல்லை. பேர்ண் ரெயில் நிலையத்தில் தோல் ஜக்கற் போட்டு நின்ற தமிழ்ப் பொடியன்கள்தான் அந்தக் காலப் பத்திரிகைகளுக்குப் பேச்சுப் பொருள். குளிருக்கு ஒரு ஜக்கற் போட்டதும் குற்றமாகப் போனது.

ஆனால் ஒரு வினோதம் நடந்தது. வீதியில் வேண்டாம் என்ற தமிழனை ரெஸ்ரோறன்ட் குசினி வேணும் என்றது. கோப்பை கழுவுவதற்கும் கிழங்கு உரிப்பதற்கும் ஆள் இல்லாமல் முதலாளிமார் தவித்தார்கள். அகதி விண்ணப்பக்காரர் எந்தத் துறையில் வேலை செய்யலாம் என்று பல மாநிலங்கள் கட்டுப்பாடு வைத்திருந்தன: சமையலறை, தோட்டம், துப்பரவு, வைத்தியசாலைச் சிற்றூழியம். படிப்பு என்ன என்று ஆரும் கேட்கவில்லை. 1990 யூனில் வந்த அவசர ஆணை முதல் மூன்று மாதம் வேலை செய்யவே தடை போட்டது.

எங்கட சங்கத்தில் எல்லாரும் 'மாஸ்டர்' என்று கூப்பிடுகிற ஒரு பெரியவர் இருக்கிறார். ஊரில் கணித ஆசிரியர். 1985இல் வந்தவர். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே குசினி. "தம்பி, நான் கரும்பலகைக்கு முன்னாலை நிண்டதை விட கோப்பை மெசினுக்கு முன்னாலை நிண்ட காலம் கூட" என்பார். கோபமில்லாமல்தான் சொல்லுவார். கேட்கிற எங்களுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

அப்படியென்றால் மாஸ்டர் போன்றவர்கள் திறமையாளர் வாசலால் வந்திருக்க முடியாதா? 1991 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட 'மூன்று வட்டம்' என்ற கொள்கை இதற்கு வெளிப்படையாகவே பதில் சொன்னது. உள் வட்டத்தில் ஐரோப்பிய சமூக நாடுகளும் எஃப்டா நாடுகளும். இரண்டாவதில் அமெரிக்கா, கனடா போன்றவை. மூன்றாவது வட்டத்தில் மிச்ச உலகம் முழுவதும், அதாவது நாங்கள். மூன்றாம் வட்டத்து ஆள் மிக உயர்ந்த தகைமை உள்ள நிபுணராக இருந்தால் மட்டும், அதுவும் விதிவிலக்காக. 1996இல் இனவாதத்துக்கு எதிரான மத்திய ஆணைக்குழுவே இதைக் கண்டித்தது. 1998 அளவில் கைவிட்டு இரண்டு வட்டமாக்கினார்கள். நாங்கள் என்னவோ இரண்டிலும் வெளி வட்டம்தான்.

எங்களுக்கு வந்த மாற்றங்கள் வேறு வழியால் வந்தன. 1994 ஜனவரியில் இலங்கையோடு திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் வந்தபோது எத்தனை வீடுகளில் நித்திரை இல்லை என்பதை மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கோ. பிறகு 2000 மார்ச்சில், 1992 முடிவதற்கு முன் வந்து முடிவில்லாமல் இருந்தவர்களுக்கு 'மனிதாபிமான நடவடிக்கை' என்ற பெயரில் தற்காலிக அனுமதி கொடுக்கத் தீர்மானித்தார்கள். ஏறத்தாழ 13,000 பேர், பெரும்பாலும் எங்கட நாட்டவர். கிடைத்தது எஃப்தான். இன்று எஃப் என்றால் முகம் சுளிக்கிற எத்தனையோ குடும்பங்களின் அத்திவாரமும் அதே எஃப்தான்.

2002 யூன் முதலாம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த சுதந்திர நடமாட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வர, 'ஏ' விசா ஒழிந்தது. எத்தனையோ போராட்டங்களுக்கு அசையாத முறை! பக்கத்து மெசின் இத்தாலிக்காரரின் மருமகன் இன்று ஒரு வேலை ஒப்பந்தக் கடிதத்தோடு வந்து பி எடுக்கலாம், பெண்சாதி பிள்ளைகளோடு.

வெளி வட்டத்துக்கு 2008 ஜனவரியில் புதிய வெளிநாட்டவர் சட்டம் வந்தது. மேல்மாடி எஞ்சினியர் அந்த வாசலால் வந்தவர். அவர் வந்த விதத்தைக் கேட்டேன். முதலில் கொம்பனி, சுவிசிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ இந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று விளம்பரங்களோடு நிரூபிக்க வேண்டும். சம்பளம் இங்குள்ள வழமைப்படி இருக்க வேண்டும். பட்டமும் அனுபவமும் காட்ட வேண்டும். மாநிலக் கந்தோர் ஓம் என்றால், பிறகு பேர்ணில் உள்ள மத்திய செயலகம் ஓம் என்ன வேண்டும். அதற்கு மேல் பங்கீடு. 2019இல் மூன்றாம் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து 8,500: பி 4,500, குறுகிய காலத்துக்கான எல் 4,000. முழு உலகத்துக்கும் இவ்வளவுதான். சில வருஷங்களில் அதுவும் முழுதாக நிரம்புவதில்லை. ஆனால் உள்ளே வந்துவிட்டால் மனைவியைக் கூப்பிடலாம், மனைவியும் வேலை செய்யலாம்.

இந்தப் பங்கீட்டால் சிறப்பு உணவுச் சமையற்காரரும் வரலாம். இந்திய ரெஸ்ரோறன்டுக்குத் தந்தூரி போடத் தெரிந்தவர், சான்றிதழும் அனுபவமும் இருந்தால். எங்கட ஆக்கள் முப்பது வருஷமாக ரோஸ்டியும் ஸ்பகெற்றியும் போட்டவர்கள், அதற்கு ஒரு சான்றிதழும் இல்லை. எங்கட கோயில் ஐயர்மாருக்கும் இதே சட்டம்தான். மந்திரம் தெரிந்தால் போதாது, உள்ளூர் மொழியும் தெரிய வேண்டும்.

திறமையாளர், கூலியாள் என்ற பிரிவு எங்களுக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இங்கிலிஷ் படித்த யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குக் கிளாக்கராக, ரெயில்வே உத்தியோகத்தராகப் போய் 'மலாயன் பென்சனியர்' என்ற பட்டத்தோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். அதே மலாயாவில் றப்பர் தோட்டத்தில் தமிழ்நாட்டுச் சனம் கங்காணியின் கீழ் பால் வெட்டியது. பேசியது ஒரே மொழி. எங்கட பூட்டன்மார் அன்று மேல்மாடிக்காரர். இங்கே நாங்கள் கீழ்மாடி.

இனி எங்கள் கணக்குக்கு வருவோம். நான் 2010இல் வந்தேன். மூன்று வருஷம் என், பிறகு ஐந்து வருஷம் எஃப், 2018இல் பி. அந்த நாட்களில் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து விசேஷ கழிவாகப் போனது. மொத்தம் 15,000 பிராங் வரை பிடிப்பார்கள். அது 2018 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. எஃப் காரருக்கு வேலை கொடுக்க முன்பு முதலாளி அனுமதி எடுத்துக் காத்திருக்க வேண்டும். 2019 ஜனவரி தொடக்கம் அறிவித்தால் போதும். இவை நல்ல மாற்றங்கள். ஆனால் குடியுரிமைச் சட்டம் 2018இல் மாறியபோது வருஷங்களுக்கும் எழுத்துப் பார்த்து விலை போட்டார்கள். பி, சி வருஷம் முழுசு. எஃப் வருஷம் பாதி. என் வருஷம் பூச்சியம். எனது எட்டு வருஷம் இரண்டரை வருஷமாகச் சுருங்கியது. நான் கணிதம் படித்தவன், எத்தனை தரம் கூட்டிப் பார்த்தும் விடை மாறவில்லை. எழுத்து என்னவாக இருந்தாலும் மெசின் நான் நின்ற மணித்தியாலத்தை ஒரே மாதிரித்தான் எண்ணியது.

என்னைப் போல் பக்ரறியில் நிற்கும் இளையவர்களுக்கு ஒரு தகவல். தொழிற்பயிற்சி ஒழுங்கு விதியின் 32ஆம் பிரிவின்படி, ஐந்து வருஷ வேலை அனுபவம் இருந்தால் பயிற்சி ஒப்பந்தம் இல்லாமலே இறுதிச் சோதினை எழுதி மத்திய அரசின் தொழிற் சான்றிதழ் எடுக்கலாம். நான் இப்போது அதற்குத்தான் படிக்கிறேன். டொச் கஷ்டம், கணக்கு லேசு. மாஸ்டரிடம் போய்த்தான் சந்தேகம் கேட்கிறேன், அவருக்கும் அதில் ஒரு சந்தோஷம்.

மூத்தவர்களுக்கு வேறொன்று. 1980களில் வந்தவர்கள் இப்போது பென்சன் எடுக்கிறார்கள். முழுப் பென்சனுக்கு 44 வருஷம் ஏ.எச்.வி. கட்டியிருக்க வேண்டும். பிந்தி வந்த எங்கட ஆக்களுக்கு அது எப்படியும் குறையும். இருக்கிற வருஷத்திலும் குசினி முதலாளி கட்டினாரா இல்லையா என்பது பலருக்குத் தெரியாது. ஏ.எச்.வி. கந்தோரில் உங்கள் தனிக் கணக்கு விபரத்தை இலவசமாகக் கேட்டு எடுக்கலாம். அதில் ஒரு வருஷம் இல்லையென்றால், கையில் இருக்கும் பழைய சம்பளத் துண்டுதான் சாட்சி. ஆகையால் அலுமாரியின் அடியில் கிடக்கிற பழைய என் அட்டை, எஃப் அட்டை, சம்பளத் துண்டு, வேலைக் கடிதம் ஒன்றையும் எறிஞ்சு போடாதேங்கோ. சங்கத்துக்குக் கொண்டு வந்தால் பிரதி எடுத்துவிட்டு உங்களிடமே திருப்பித் தருவோம். சனிக்கிழமைகளில் பின்னேரம் நான் அங்கு நிற்பேன்.